அயர்லாந்து மூதாதையரைத் தேடும்போது ஆவணங்கள் முரண்பட்டால்

அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக்காரரின் வயது ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வெவ்வேறாக இருப்பது சகஜம். ஆகவே ஒரு தாளை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் முடிவு கட்டுவதற்கு முன், அத்தகவலை யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழில் பிறந்த ஆண்டைச் சொன்னவர் மருமகனாகக்கூட இருக்கலாம்.

அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளும் 1864 முதல்தான் அரசுப் பதிவுக்குள் வந்தன. தாமதித்தால் அபராதம் என்பதால் சில பெற்றோர் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றதாகத் தோன்றும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. அங்கே நான் தேவாலயப் பதிவேட்டையே நம்புவேன். 1901 அயர்லாந்துக் கணக்கெடுப்பில் 55 வயது என்றவர் 1911 கணக்கெடுப்பில் 70 என்று சொல்லியிருந்தால் திகைக்க வேண்டாம்: இடையில், 1909-இல், எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது.

1922-இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது பழைய கணக்கெடுப்புகள் பலவும் அழிந்தன என்பதால், 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான கிரிஃபித் மதிப்பீட்டை (வரி விதிப்பதற்காக நிலம், வீடுகளை மதிப்பிட்ட பட்டியல்) அவற்றுக்கு மாற்றாகப் பாருங்கள். நிலமோ வீடோ வைத்திருந்தவரின் பெயர் மட்டுமே அதில் இருக்கும், மனைவி மக்கள் இருக்கமாட்டார்கள். அதில் தேட 'டவுன்லேண்ட்' எனப்படும் மிகச் சிறிய நிலப் பிரிவின் பெயர் வேண்டும்; வெறும் கவுண்டிப் (மாவட்டம் போன்ற பெரும் பிரிவு) பெயரோடு போனால் ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். கல்லறைக் கல்லிலோ, 1906-க்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை மனுவிலோ, உடன்பிறந்தவர்களின் திருமணப் பதிவிலோ டவுன்லேண்டின் பெயர் கிடைக்கக்கூடும். ஓ'சல்லிவனும் சல்லிவனும் ஒரே ஆளாக இருக்கலாம். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.