காவிரியைப் புத்தகங்களில் படிப்பது எப்படி?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து காவிரியைப் பற்றிப் படிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். மூன்றாக எடுங்கள் என்பேன். பாசன வரலாறு ஒன்று, ஆற்றோடு போய் எழுதிய பயண நூல் ஒன்று, நதிநீர் வழக்கையும் இன்றைய நிலையையும் பற்றி ஒன்று. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். மூன்றையும் மேசையில் விரித்து வைத்து, ஒரே இடத்தைப் பற்றி மூன்றும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் முக்கொம்பை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. தண்ணீர் பள்ளத்துப் பக்கம் போய்விட்டால் தஞ்சாவூர் வயலுக்கு என்ன மிஞ்சும்? அதற்காகத்தான் 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். இது வரலாற்று நூலில் வரும். ஆறு பிரிகிற அந்த மணல் பரப்பைப் பயண நூல் கண்ணுக்குக் காட்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே அணையின் மதகுகள் உடைந்து விழுந்ததை இன்றைய நூல் சொல்லும். மூன்றையும் ஒரே மாலையில் படித்தால் முக்கொம்பு மறக்காது.

அடுத்தது படம். ஒரு பெரிய சார்ட் தாளில் ஆற்றைக் கையாலேயே வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. தலைக்காவிரி, கிருஷ்ணராஜசாகர், பிலிகுண்டுலு, மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, பூம்புகார். எந்தப் புத்தகத்தில் எந்த ஊர் வந்தாலும் அந்த இடத்தில் பென்சிலால் பக்க எண்ணைக் குறியுங்கள். எங்கள் தாளில் கல்லணையைச் சுற்றி எழுத இடமே இல்லை. கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவுக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் வழக்கு நூலின் பக்கங்கள் மட்டும். இன்னும் எதைப் படிக்க வேண்டும் என்று தாளே காட்டிவிட்டது.

பலரும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது அளவுகள் வரும் இடத்தில்தான். எனக்கும் டிஎம்சி ரொம்ப நாள் பிடிபடவில்லை. வீட்டில் அப்பா பேசியதெல்லாம் மா, வேலி. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இதை அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். மேட்டூரில் 12,000 கன அடி திறப்பு என்று செய்தியில் வந்தால், ஒரு நாளைக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் என்று உடனே தெரியும். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அப்புறம் எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்.

வழக்கு நூலை வாங்குமுன் பதிப்பாண்டைப் பாருங்கள். மாநிலங்களுக்குத் தண்ணீரைப் பங்கிட அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 419 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 404.25 ஆக்கியது. குறைத்த 14.75-இல் 10 டிஎம்சி, தமிழ்நாட்டு நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால். மீதி பெங்களூருவின் தேவைக்கு. இந்த இரண்டு வரிக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது! அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். அன்றைய சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1892, 1924 ஒப்பந்தங்களைக் கர்நாடகத்தார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் கட்டாயம் தேடிப் படியுங்கள். நம் பக்கத்து நூல் மட்டும் படித்தால் சண்டைதான் தெரியும், காரணம் தெரியாது.

பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள், இலவசம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.

கடைசியாக, தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கல்லணைக்குப் போங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2023-இல் அன்று திறந்த தண்ணீருக்காகக் கல்லணையை 16-ஆம் தேதி திறந்தார்கள். பாலத்தின் மேல் நின்று காவிரி எது, வெண்ணாறு எது, நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் எது என்று தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் போனபோது வெண்ணாற்றைத் தப்பான பக்கம் வரைந்திருந்தது தெரிந்தது. அங்கேயே, கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து, அழித்துத் திருத்தினோம்.