ரீ-ஆர்.சி.டி.: பழைய ஜி.பி.யை எடுப்பதற்கு முன்னும் பின்னும்

வேர் சிகிச்சை (ஆர்.சி.டி.) செய்த பல் மறுபடி வலித்தாலோ, ஈறில் சீழ்க்கட்டி வந்தாலோ, முதல் தடவை எது தவறியது என்று கண்டுபிடித்த பிறகே ஃபைலை (வேரின் உள்வழியான கெனாலைச் சுரண்டும் மெல்லிய கருவி) கையில் எடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் இறங்கினால் பழைய தவறைப் புதிய ஜி.பி. (கெனாலை அடைக்கும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா) போட்டு மூடிவிட்டு வருவோம். மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லை வைத்தே இங்கே பார்ப்போம். வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே பல்லில் கிடைக்கும்.

முதலில் ப்ரோப் (ஈறு இடுக்கின் ஆழத்தை அளக்கும் கம்பி). பல்லைச் சுற்றி நெருக்கமாக நடத்திப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் 2, 3 மி.மீ. இருக்க, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் ஒடுக்கமாக 8, 9 மி.மீ. இறங்கினால் வேர் நெடுக்கில் விரிசல் என்று சந்தேகப்படுங்கள். சீழ் ஈறு ஓரமாக வடிந்தாலும் இப்படி இறங்கும் என்பதால், பல்லைத் திறந்து மெத்திலீன் நீலம் தடவி உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்யுங்கள். வேரில் விரிசல் ஓடியிருந்தால் அந்த வேருக்கு ரீ-ஆர்.சி.டி. வீண் செலவு. சொத்தையை எடுத்த பின் ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. அளவுக்குப் பல் மிஞ்சுமா என்பதையும் இப்போதே கணக்கிடுங்கள்.

எக்ஸ்ரே இரண்டு எடுங்கள்: ஒன்று நேராக, மற்றது குழாயை 20 டிகிரி முன்பக்கம் நகர்த்தி. வேரின் நடுவில் இல்லாமல் பழைய ஜி.பி. ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிந்தால், மறுபக்கம் தொடாத கெனால் இருக்கக்கூடும். மேல் கடைவாய்ப்பல்லில் அது பெரும்பாலும் எம்.பி.2 (முன்புறக் கன்னப் பக்க வேரின் இரண்டாவது கெனால்; முதலாவது எம்.பி.1). சிறிய பரப்புக்கான சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுக்க வசதி இருந்தால் தயங்க வேண்டாம்.

கேப்பை (பல்லின் மேல் மாட்டிய உறை) கழற்றாமல் துளை போட்டு உள்ளே போவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கேப் ஓரத்தில் கசிவு இருந்தால் அந்த மிச்சம் வேண்டாம். சொத்தையும் விரிசலும் கேப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். வெட்டி எடுத்துவிடுங்கள். ரப்பர் டேம் (பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பு) கட்டாயம். போஸ்ட் (வேருக்குள் நட்ட தூண்) இருந்தால் அல்ட்ராசானிக் முனையால் தளர்த்தலாம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், விட்டு விட்டுச் செய்யுங்கள். உலோகப் போஸ்ட் வழியே சூடு இறங்கி எலும்பைக் கெடுக்கும்.

எம்.பி.2 வாய் எம்.பி.1-இலிருந்து அண்ணப் பக்கமாக 1 முதல் 3 மி.மீ. தூரத்தில், எம்.பி.1-ஐயும் அண்ணக் கெனாலையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று முன்புறமாக இருக்கும். டென்டின் (பல்லின் உட்பகுதித் திசு) விளிம்பு ஒன்று அதை மூடியிருப்பதால்தான் முதல் தடவை கண்ணில் படவில்லை. அந்த விளிம்பை மெல்லிய அல்ட்ராசானிக் முனையால் முன்பக்கமாகச் சீவுங்கள். வேர்கள் பிரியும் பக்கம் சாய்ந்தால் பல்லின் உள்ளறைத் தரையில் ஓட்டை விழும். ஹைப்போகுளோரைட்டை (கிருமி கொல்லும் கழுவுநீர்) நிரப்பிக் கொஞ்சம் பொறுத்தால், கெனால் வாயிலிருந்து குமிழி எழுவதும் உண்டு.

ஜி.பி. எடுப்பதில் மேல், நடு, அடி என்று மூன்று பங்காக இறங்குங்கள். புரோடேப்பர் ரீட்ரீட்மென்ட் ஃபைல்களில் மேல் பங்குக்கு டி1 (16 மி.மீ.), நடுவுக்கு டி2 (18 மி.மீ.), அடிக்கு டி3 (22 மி.மீ.); வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று அளவில். டி1-இன் நுனி வெட்டும், அதை வளைவுக்குள் தள்ளாதீர்கள். கரைப்பானைத் தொடக்கத்திலேயே ஊற்றுவது பலர் செய்யும் தவறு. கரைந்த ஜி.பி. சுவரெங்கும் பூசிக்கொண்டு டென்டின் துளைகளை அடைக்கும். முடிந்தவரை உலர்வாக எடுத்துவிட்டு, இறுக்கமான இடத்தில் மட்டும் ஓரிரு துளி விடுங்கள். கடைசியில் ஹெச்-ஃபைலால் இழுத்துப் பேப்பர் பாயின்டால் (உறிஞ்சும் காகிதக் குச்சி) துடைக்கும்போது நிறம் ஒட்டாமல் வர வேண்டும்.

கெனாலுக்குள் செங்கல் நிறத்தில் கல் மாதிரிப் பசை தெரிந்தால் அது ரிசார்சினால்-ஃபார்மலின் (ஒரு வகைக் கெனால் அடைப்புப் பசை). கரைப்பானுக்கு அது எளிதில் மசியாது. அல்ட்ராசானிக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைய வேண்டும். நேரம் பிடிக்கும் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நுனிக்கு முன்பே ஃபைல் முட்டி நின்றால் அநேகமாகப் பழைய லெட்ஜ் (கெனால் சுவரில் முன்பு வெட்டுப்பட்டு உண்டான படி). 10-ஆம் எண் கே-ஃபைலின் கடைசி 1, 2 மி.மீ. மட்டும் கூர்மையாக வளைத்து, வளைவு வேரின் வளைவுப் பக்கம் நோக்க, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல அசைத்துத் தேடுங்கள். அழுத்தினால் லெட்ஜ் ஆழமாகும், ஃபைலும் உடையும். வழி திறந்த பிறகே அபெக்ஸ் லொகேட்டரை (வேர் நுனி எங்கே என்று காட்டும் மின்கருவி) நம்புங்கள், அதுவரை ஜி.பி. அதை ஏமாற்றும்.

கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. இப்படிப்பட்ட பற்களில் அடிக்கடி காணப்படும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி, கெனாலுக்குள் வைக்கும் மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடுக்குத் தாக்குப்பிடிக்கும். 3 சதவீதத்துக்குக் குறையாத ஹைப்போகுளோரைட், பக்கவாட்டுத் துளையுள்ள 30 கேஜ் ஊசி, நுனிக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தம். மேல் கடைவாய்ப்பல்லில் சைனஸ் (கன்ன எலும்பின் காற்றறை) பக்கத்திலேயே இருப்பதால் ஊசி சுவரில் சிக்காமல் தளர்வாக ஆட வேண்டும். கடைசியில் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. (சுவரில் படிந்த கசடைக் கரைக்கும் திரவம்) 1 நிமிடம், மறுபடி ஹைப்போகுளோரைட். குளோர்ஹெக்சிடினை (வேறொரு கிருமிநாசினி) ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் பழுப்பு வண்டல் படியும்.

சீழ் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து ஒன்று, இரண்டு வாரம் விடுங்கள். ஈறுத் துளை மூடி, கெனால் உலர்ந்த பிறகே அடைப்பு. அடைத்த அன்றே கெனால் வாய்களைக் காம்போசிட்டால் மூடுங்கள். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டால் எச்சில் இறங்கிச் செய்த வேலை கெடும். கேப்பும் தள்ளிப்போட வேண்டாம்.

6 மாதத்தில் ஓர் எக்ஸ்ரே, 1 வருடத்தில் இன்னொன்று. வேர் நுனியின் கறுப்பு நிழல் சுருங்கிக்கொண்டே வந்தால் காத்திருக்கலாம். முழுதாக ஆற 4 வருடம்கூட ஆகலாம். நிழல் பெரிதானால் மூன்றாவது தடவை உள்ளே போகாதீர்கள். ஈறைத் திறந்து வேர் நுனியில் 3 மி.மீ. வெட்டி, எம்.டி.ஏ. (ஒரு வகைப் பல் சிமென்ட்) வைத்து அடைக்கும் அறுவைக்கு அனுப்புங்கள்.