லாரிச் சத்தத்திலும் ஐந்து நிமிட தியானம்

அமைதியான இடம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் வடசென்னையில் ஆயுசுக்கும் தியானம் ஆரம்பிக்க முடியாது. விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் வண்டிகள் ஓடும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் எப்போதுதான் நிற்கும்?

ஐந்து நிமிடம் போதும். காலையில் தண்ணீர் பிடித்து வைத்ததும், டீக்கு முன்னால், தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். முட்டி வலித்தால் நாற்காலி போட்டுக்கொள்ளலாம், சம்மணம் கட்டாயமில்லை. போனில் அலாரம் வைத்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

மூச்சை வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. பிறகு மறுபடியும் ஒன்று. முதல் வாரம் நான் நான்கைத் தாண்டவே இல்லை. ஏர் ஹாரன் அடித்ததும் எண்ணிக்கை பறந்துவிடும். சரி, போகட்டும். ‘சத்தம்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம்; வெளிமூச்சு தானாக நீளும்போது இதயத் துடிப்பும் கொஞ்சம் தணியும்.

லீவு நாளில் திருவொற்றியூர்க் கடலோரப் பட்டினத்தார் கோயிலிலும் உட்கார்ந்து பாருங்கள். எனக்கென்னவோ அந்தக் கடல்காற்றுக்குத் தூக்கம்தான் வருகிறது.