ஐந்தாம் வகுப்பில் மைனஸ் எண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியை, போன வாரம் ஐந்தாம் வகுப்பில் "மைனஸும் மைனஸும் சேர்ந்தா?" என்று கேட்க, பிள்ளைகள் "பிளஸ்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் ஆரம்ப வருடங்களில் நானும் இப்படித்தான் கத்த வைத்தேன்.

பாடத்திட்டப்படி முழுக்கள், அதாவது மைனஸ் எண்களும் சேர்ந்த எண்கள், ஆறாம் வகுப்பில்தான் வருகின்றன. ஆனால் லிஃப்டில் −1 பொத்தானைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிற பிள்ளைக்கு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? குறி போட மறப்பது, எண்கோட்டில் ஒரு புள்ளி தள்ளி எண்ணுவது இதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"போகாது" என்று முடித்துவிடுவது

"2-இல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று இரண்டாம் வகுப்பில் சொல்கிறோம். பிறகு மைனஸ் என்றால் கடன் என்கிறோம். ஒரு பையன் கேட்டான்: "பத்துகிட்ட வாங்கிட்டுத் திருப்பியே தரமாட்டோமே, அந்தக் கடனா சார்?" அதிலிருந்து கழித்தலில் "பத்தைப் பிரி" என்றுதான் சொல்கிறேன். "போகாது" என்பதற்கு முன்னால் "இப்போதைக்கு" சேர்த்துக்கொள்கிறேன்.

மந்திரம் ஓத வைப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது. "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்கிற அந்தச் சூத்திரம் பெருக்கலுக்கு உரியது, அதற்கு ஏழாம் வகுப்பு வரை நேரம் இருக்கிறது. அதை முன்கூட்டியே ஊட்டிவிட்டால், பிள்ளை இரண்டு கோடுகளைப் பார்த்ததுமே பிளஸ் போட்டுவிடும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி −4 − 3 = 7 என்று எழுதியிருந்தாள். ஏன் என்றேன். "ரெண்டு மைனஸ் இருக்கே சார்." சரி, கடையில் நேற்று 4 ரூபாய் பாக்கி, இன்று 3 ரூபாய்க்கு மிட்டாய், அதுவும் பாக்கி; மொத்தம் எப்படி நிற்கிறது என்றேன். "ஏழு ரூபா நான்தான் தரணும்" என்றாள், யோசிக்காமலே. அவளுக்குத் தெரிந்திருந்த கணக்கை என் மந்திரம்தான் கெடுத்தது. அந்த வருடம் முழுக்க அதை அவள் தலையிலிருந்து எடுக்கப் பாடுபட்டேன்.

இப்போது தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைதான் என் கருவி. வெள்ளைப் பக்கம் +1, தேய்க்காத கறுப்புப் பக்கம் −1. வெள்ளை ஒன்றும் கறுப்பு ஒன்றும் சேர்ந்தால் 0. இந்த ஒரு விதி போதும்.

2 − (−3) போடச் சொல்லுங்கள். தரையில் 2 வெள்ளை. 3 கறுப்பை எடுக்க வேண்டும், ஆனால் கறுப்பே இல்லை. 3 ஜோடியை உள்ளே வைத்தாலும் மதிப்பு மாறாது, எல்லாம் 0 தானே? வைத்துவிட்டு 3 கறுப்பை எடுத்தால் 5 வெள்ளை மிஞ்சும். கழித்தோம், ஆனால் கூடிவிட்டது! அந்த ஆச்சரியத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். இதே கொட்டைகளால் −4 − 3 போட்டுப் பாருங்கள், 7 கறுப்புதான் நிற்கும்.

பனி உதாரணம்

வெயிலில் வளரும் பிள்ளைக்கு −10 டிகிரி வெறும் செய்தி. குளத்துப் படிக்கட்டைச் சொல்லுங்கள்: நீர்மட்டம் 0, மேலே உள்ள படிகள் 1, 2, 3, முங்கியவை −1, −2, −3.

−7 பெரியதா, −3 பெரியதா?

அப்படிக் கேட்காதீர்கள், 7-ஐப் பார்த்துப் பிள்ளை ஏமாந்துவிடும். எந்தப் படி மேலே என்று கேளுங்கள்.

அவசரம்

இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே பிளஸ் எண்ணுக்குச் செல்வம், மைனஸ் எண்ணுக்குக் கடன் என்று பெயர் வைத்து விதி எழுதிவிட்டார். 18-ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் சில கணித அறிஞர்கள் மைனஸ் எண்களை ஏற்க மறுத்தார்கள். நாமோ ஒரு பீரியடில் முடிக்கப் பார்க்கிறோம்.

வீட்டுப்பாடம்

ஐம்பது கணக்கு வேண்டாம். நான்கு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை எழுதி வரச் சொல்லுங்கள்.