ஆப்பிரிக்க முள்ளெலி வளர்ப்பு: வெயில், கூண்டு, தீனி, நோய்

செல்லப்பிராணிக் கடைகளில் ‘ஹெட்ஜ்ஹாக்’ என்று விற்பது ஆப்பிரிக்கக் குறு முள்ளெலி. வளர்ந்த விலங்கு 300 முதல் 600 கிராம் இருக்கும். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதில் அடங்கிவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 4 முதல் 6 ஆண்டு வாழும். பின்னங்கால்களில் நான்கு விரல்தான் இருக்கும் என்பது இதன் அடையாளம்.

நம் ஊர்ச் செம்மண் காடுகளிலும் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளிலும் திரிகிற முள்ளெலி வேறு இனம். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. அதைப் பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. தோட்டத்துப் பக்கம் வந்தால் நாயைக் கட்டிவையுங்கள், அது தன் வழியில் போய்விடும். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுக் கொடுக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. முள் என்பது நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே கெரட்டின்தான், அதில் மருந்து எதுவும் இல்லை. இதற்காக ஓர் அரிய விலங்கைக் கொல்வது பெரிய கொடுமை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூரில் முள்ளெலி வளர்க்கத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க் நகரத்திலும் அப்படித்தான்.

வாங்குவதற்கு முன்

இது இரவில் விழித்து இரை தேடும் விலங்கு. பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, வீடு அடங்கிய பிறகுதான் எழுந்து வரும். குழந்தை பள்ளி விட்டு வந்ததும் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்பதற்காக வாங்கினால் இரண்டு பேருக்கும் ஏமாற்றம்தான்.

விலங்கைத் தேடுவதற்கு முன் மருத்துவரைத் தேடுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கால்நடை மருத்துவரும் இதைப் பார்ப்பதில்லை. தொட்டதும் சுருண்டுகொள்ளும் என்பதால் வாயையும் வயிற்றையும் பார்ப்பதற்கே பெரும்பாலும் மயக்க வாயு கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வசதி உள்ள இடம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

கடையில் பார்க்கும்போது கண் உருண்டையாக, பளிச்சென்று இருக்க வேண்டும். மூக்கில் சளி இருக்கக் கூடாது. முள்ளின் அடியில் வெள்ளைச் செதில் தெரிந்தால் உண்ணிப்பூச்சி இருக்கலாம். தரையில் விட்டால் தள்ளாடாமல் நேராக நடக்க வேண்டும், தொட்டால் முழுதாகச் சுருண்டு மூடிக்கொள்ள வேண்டும். ஆறு வாரத்துக்கும் குறைந்த குட்டியை வாங்காதீர்கள். ஆணா பெண்ணா என்பதையும் நீங்களே பார்த்துவிடுங்கள். ஆணுக்கு வயிற்றின் நடுவில் தொப்புள் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், பெண்ணுக்குத் திறப்பு ஆசனவாயை ஒட்டியே இருக்கும். ஒரே பெட்டியில் ஆணும் பெண்ணுமாக வைத்து விற்கும் கடையில் பெண்ணை வாங்கினால் அது ஏற்கெனவே சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். சினைக்காலம் 34 முதல் 37 நாள். குட்டி போட்ட தாயைத் தொந்தரவு செய்தால் குட்டிகளைத் தின்றுவிடும். அந்தச் சமயத்தில் முதல் பத்து நாள் கூண்டைக் கிளறாமல் தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

ஒரு கூண்டுக்கு ஒன்றே ஒன்று. துணை இல்லையே என்று பரிதாபப்பட்டு இன்னொன்றைச் சேர்த்தால் சண்டையில் காது, கால் கிழியும். இது தனித்து வாழும் விலங்கு.

வெயிலும் குளிரும்

தமிழ்நாட்டில் இதை வளர்ப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகம் கவனம் கொடுக்க வேண்டும். கூண்டுக்குள் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். 20-க்குக் கீழே போனால் உடல் குளிர்ந்து உறக்கநிலைக்குப் போக முயலும். காட்டில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் ஐரோப்பிய முள்ளெலிக்கு அதற்கான உடல்வாகு உண்டு. வீட்டில் வளரும் ஆப்பிரிக்க வகைக்கு அது கிடையாது, செத்துப்போகும்.

நம் சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் போதாது. மனிதனுக்கு வியர்ப்பதால் விசிறிக் காற்று குளிர்ச்சி தருகிறது. அப்படி வியர்த்துக் குளிராத இந்த விலங்குக்கு 36 டிகிரி அறையில் விசிறி போட்டால் சூடான காற்றுதான் மேலே வீசும். ஏசி வேண்டும், 26-இல் வைத்தால் சரியாக இருக்கும். ஏசியின் காற்று நேரே கூண்டில் விழாதபடி வையுங்கள். இரவில் நாம் 20-இல் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம், தரையில் இருக்கும் கூண்டோ அதைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. சென்னையிலும் முள்ளெலி குளிரில் சுருண்டு விறைப்பதற்கு இதுதான் காரணம். ரிமோட்டில் தெரியும் எண்ணை நம்பாமல், சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கிக் கூண்டின் தரை மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு தண்ணீர் பாட்டில் உறைந்து இருக்கட்டும். ஒன்றைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைத்தால், வேண்டும்போது பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும், வேண்டாதபோது விலகிக்கொள்ளும். தரையில் ஒரு செராமிக் டைல் போட்டுவைப்பதும் உதவும்.

வெயில் தாக்கினால் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தட்டையாகக் கிடக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும். உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாதத்தையும் வயிற்றையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குளிர் பிடித்தால் அடையாளம் வேறு. வயிற்றைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பாதி சுருண்ட நிலையில் மந்தமாகக் கிடக்கும், எழுந்தால் தள்ளாடும். சட்டைக்குள் விட்டு உங்கள் உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். வெந்நீரில் முக்கக் கூடாது, திடீர்ச் சூடு தாங்காது. உடல் சூடேறும் முன் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தெளிந்துவிட்டாலும் அடுத்த சில நாள் மறுபடி அப்படிப் போக வாய்ப்பு அதிகம், கண்காணியுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பும் அதோடு ஒரு தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். வெளிச்சமும் இதில் சேர்த்திதான். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் அறை வெளிச்சமாக இருக்க வேண்டும். எப்போதும் இருட்டாகவே இருக்கும் அறையில் வைத்தால் குளிர்காலம் வந்துவிட்டது என்று உடல் எண்ணிக்கொள்ளும்.

கூண்டு

தரைப் பரப்பு 120 × 60 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. தரை கெட்டியாக இருக்க வேண்டும். கிளிக்கூண்டின் கம்பித் தரையில் விட்டால் கால் சிக்கி முறியும். மாடி வைத்த கூண்டும் வேண்டாம். ஏறத் தெரிந்த அளவுக்கு இதற்கு இறங்கத் தெரியாது, விழுந்துவிடும். கண்ணாடி மீன்தொட்டியில் காற்றோட்டம் இல்லாமல் நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே புழுங்கும்.

சக்கரம் இல்லாமல் வளர்க்கவே கூடாது. ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓடும் விலங்கு இது. விட்டம் 28 முதல் 30 சென்டிமீட்டர், ஓடும் பரப்பு இடைவெளி இல்லாத பிளாஸ்டிக். ஹாம்ஸ்டருக்கென விற்கும் சின்னச் சக்கரத்தில் ஓடினால் முதுகு பின்னால் வளையும். ஓடிக்கொண்டே மலம் கழிக்கும் என்பதால் சக்கரத்தைத் தினமும் கழுவ வேண்டியிருக்கும். இதற்கு மாற்று வழி கிடையாது.

தரைக்கு ஃப்ளீஸ் துணி விரிப்பு அல்லது காகிதத் துகள் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடுங்கள். பைன், செடார் மரத்தூளின் வாசனை எண்ணெய் நுரையீரலைப் பாதிக்கும். துணி போடுகிறவர்கள் ஓரத்தைத் தைத்துவிட வேண்டும். பிரிந்த ஒரு நூலோ நம் தலைமுடியோ விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று அந்த விரலே போய்விடும். இது அடிக்கடி நடக்கிறது. படுக்க ஒரு மறைவிடம், தண்ணீருக்குக் கனமான கிண்ணம் வையுங்கள். உருளை வைத்த தண்ணீர் பாட்டிலில் குடிக்கும்போது பல் அடிபடலாம்.

எறும்பு வந்தால் எறும்பு சாக்பீஸால் கோடு போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. கூண்டை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, அந்துருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

தீனி

அடிப்படைத் தீனி உலர்ந்த பூனைத் தீனி. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்: புரதம் 30 முதல் 35 சதவீதம், கொழுப்பு 15-க்குள், பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது இறைச்சி. பூனைக்குட்டித் தீனியில் கொழுப்பு அதிகம், வளர்ந்த முள்ளெலிக்கு ஒத்துவராது. மாலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மேசைக்கரண்டி வைத்து, காலையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள்.

இதோடு பூச்சி வேண்டும். மீல்வார்ம் என்னும் வண்டுப் புழு வாரத்துக்கு மூன்று முறை, ஒரு முறைக்கு நாலைந்து போதும். அதில் கொழுப்பு அதிகம், கால்சியம் குறைவு. சுவர்க்கோழி கிடைத்தால் இன்னும் நல்லது. கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிகளுக்கு கேரட், கீரை போட்டு வைத்து, கொடுக்கும்போது கால்சியம் பொடி தூவுங்கள். கோழித்தீனிக்கு வளர்க்கும் பி.எஸ்.எஃப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்னும் ஈயின்) புழுவில் கால்சியம் தாராளம், ஆனால் குப்பைக் கழிவில் வளர்த்ததை வாங்காதீர்கள். வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது, அது எந்த மருந்தைத் தின்றதோ தெரியாது.

உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் முட்டையும் எப்போதாவது ஒரு கரண்டி தரலாம். பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடாது. நிலக்கடலை மேலண்ணத்தில் பொருந்தி மாட்டிக்கொள்ளும், அப்புறம் வாயை மூட முடியாமல் பட்டினி கிடக்கும். தயிர்சோறும் பிஸ்கட்டும் பாசத்தில் கொடுப்பதுதான், ஆனால் பூச்சி தின்று வாழும் உடலுக்கு அது சுமை. கையிடுக்கில் கொழுப்பு பிதுங்கி, சுருளும்போது முகம் முழுதாக மூடாவிட்டால் பருத்துவிட்டது என்று பொருள்.

பழக்குவது

வந்த முதல் மூன்று நாள் விட்டுவிடுங்கள். நீங்கள் உடுத்திய பழைய பனியன் ஒன்றை உள்ளே போட்டால் உங்கள் வாசனை பழகும். பிறகு தினமும் மாலையில் அரை மணி நேரம். மேலிருந்து பிடிக்காமல் இரண்டு கையையும் பக்கவாட்டில் தாழ்த்தி வயிற்றுக்கு அடியில் விட்டு அள்ள வேண்டும். உஸ்ஸென்று சீறி உருண்டைக்குள் போய்விடும். மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள். நெற்றி முள் முதலில் தாழும், அடுத்து மூக்கு நுனி வெளியே வரும். அப்போது தொடாதீர்கள், அதுவாக நடக்கட்டும். சீறியதும் பயந்து திரும்பக் கூண்டில் விட்டால், சீறினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் கற்றுக்கொள்ளும். கையுறை வேண்டாம்.

புது வாசனை எதையாவது நக்கி, வாயில் நுரை தள்ளி, உடலை முறுக்கி அந்த நுரையை முள்ளில் பூசிக்கொள்ளும். வலிப்பு என்று பலர் பதறுகிறார்கள். அது அதன் இயல்பு.

வாரம் ஒரு முறை

சமையலறைத் தராசு மாதிரி ஒன்றைத் தனியாக வாங்கி, வாரம் ஒரே நாளில் எடை போட்டு எழுதிவையுங்கள். நோயை மறைப்பதில் கெட்டிக்கார விலங்கு இது. ஓட்டம் குறையும் முன்பே எடை குறையும். 400 கிராமில் 40 குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஒரு முழு நாள் எதுவும் தின்னாவிட்டாலும் அப்படித்தான், பட்டினியில் கல்லீரல் சீக்கிரம் கெடும்.

நகம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும், விட்டால் வளைந்து பாதத்தில் குத்தும். தொட்டியில் 3 சென்டிமீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தால் சுருளாமல் கால் விரிந்திருக்கும், அப்போது நுனியை மட்டும் நறுக்குங்கள். இரத்தம் வந்தால் சோளமாவை அழுத்துங்கள். மாதம் ஒரு குளியல் போதும். மென்மையான பல்துலக்கியால் முள் சாய்ந்த திசையில் தேய்த்து, நன்றாகத் துவட்டி, காய்ந்த பிறகே கூண்டில் விட வேண்டும்.

குட்டிக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் முள் உதிர்ந்து புதிது முளைக்கும். அந்தச் சமயம் சிடுசிடுவென்று இருக்கும். உதிர்ந்த இடத்தில் புது முள் எட்டிப் பார்த்தால் கவலை இல்லை. வழுக்கையும் செதிலுமாக, விடாமல் சொறிந்தால் உண்ணிப்பூச்சி. அதற்கு மருத்துவர் உடல் எடைக்குக் கணக்கிட்டுத் தரும் மருந்துதான் வழி. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைக் குத்துமதிப்பாகப் போட்டால் விஷமாகிவிடும்.

வயிறு சூடாக இருந்தும் பின்னங்கால் தள்ளாடினால் அது முள்ளெலிகளுக்கு வரும் நரம்பு நோயாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தொடங்கி மெல்ல முழு உடலையும் செயலிழக்கச் செய்யும், மருந்து கிடையாது. தாழ்வான கிண்ணம், மெத்தென்ற தரை, கையால் ஊட்டுவது என்று வசதி செய்துதரலாம். மூன்று வயதுக்கு மேல் கட்டிகள் வருவது சகஜம். பெண்ணின் சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் கருப்பைக் கட்டியாக இருக்கலாம், சீக்கிரம் போனால் அறுவை செய்து காப்பாற்ற வழி உண்டு.

மலத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், விலங்கு பார்க்க நலமாகவே இருக்கும். 2019-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. தொட்ட பின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், முத்தம் கொடுக்காதீர்கள். கிண்ணத்தையும் சக்கரத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை கையில் தராதீர்கள்.

தீபாவளிக்கு வெடிச் சத்தம் குறைவாகக் கேட்கும் உள்ளறைக்குக் கூண்டை மாற்றி, ஜன்னலை மூடிவிடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் கூடவே கொண்டுபோவதைவிட, வெப்பமானி பார்க்கத் தெரிந்த ஒருவர் தினமும் மாலையில் வந்து போவது மேல். அவரிடம் இந்த மூன்றை எழுதிக் கொடுங்கள்: ஏசி எத்தனை டிகிரி, தீனி எத்தனை கரண்டி, மருத்துவரின் தொலைபேசி எண்.