அதட்டினால் நேராகாத முதுகு

பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் தையல்காரர்தான் சில வீடுகளில் முதலில் கவனிக்கிறார்: "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறதே?" உடனே அம்மா மகளிடம் திரும்பி, "எந்நேரமும் செல்போனில் குனிந்து கிடந்தால் இப்படித்தான்" என்று அதட்டுகிறார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

குனிந்து உட்கார்ந்து பழகிய கூன், நினைத்தால் நிமிர்த்திக்கொள்ளக் கூடியது. ஒரு தோள் இறங்கித் தெரிவதற்குக் காரணமாகக்கூடிய ஸ்கோலியோசிஸ் அப்படியல்ல. இதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. புத்தகப்பையைக் குற்றம் சொல்லவும் சான்று இல்லை. பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்க வைத்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடிட்டுத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

"வலி இல்லையே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய பிழை. வளைவு வேகமாகக் கூடுவது உயரம் சட்டென்று கூடும் காலத்தில். பெண்களுக்கு அது பூப்பெய்துவதற்குச் சற்று முன்பே வந்துவிடும். வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் கெட்டியான கவசமான பிரேஸ் பலன் தருவதும் எலும்பு வளரும்வரைதான். வளைவு எவ்வளவு என்று எக்ஸ்ரேயில் அளக்கும் கோப் கோணம் 25 டிகிரிக்குக் கீழே என்றால் பொதுவாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்காணிப்பு, வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை பிரேஸ், 45–50ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. அளவீட்டிலேயே 5 டிகிரி வரை முன்பின் வரலாம். போன முறை 20, இந்த முறை 22 என்றால் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

பிரேஸ் வாங்கியும் பையிலேயே வைத்திருப்பது அடுத்த பிழை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டாமல் தப்பியவர்கள், பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதம், அணியாதோரில் 48. நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல். ஆக, மணிக்கணக்குதான் மருந்து. நம் ஊர் வெயிலில் அது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே சுருக்கமில்லாத பருத்தி பனியன், வியர்த்தால் மாற்ற இன்னொன்று. விளையாடப் போகும்போது கழற்றலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். "யாருக்கும் தெரியக்கூடாது, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்" என்று பெரியவர்கள் கிசுகிசுத்தால் அந்தப் பெண் எப்படிப் பள்ளிக்கு அணிந்து போவாள்?

இணையத்தில் விற்கும் தோள்பட்டை பெல்ட் பிரேஸுக்கு மாற்று அல்ல. சொடுக்கெடுத்து நேராக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். யோகாவும் நீச்சலும் உடம்புக்கு நல்லவை, வளைவைக் குறைக்கும் சிகிச்சை அல்ல. ஜெர்மனியில் பிறந்த ஷ்ராத் முறைப் பயிற்சி, வளைவு எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக வகுக்கப்படுவது; காணொளியைப் பார்த்துத் தானாகச் செய்தால் தப்பான பக்கத்தை இழுக்க நேரும்.

இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.