கம்பைல் செய்து முடித்த மூலநிரல் கோப்புறையை அழிக்கும் முன்

லினக்ஸில் ஒரு மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து (அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி) நிறுவினால், மூன்று வகைச் சரக்கு வட்டில் தேங்கிவிடும்: இறக்கிய டார் கோப்பு (எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதி), அதை விரித்த கோப்புறை, கம்பைல் செய்தபோது உருவான கோப்புகள். இடத்தை விழுங்குவது பெரும்பாலும் மூன்றாவது வகைதான். லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் டார் கோப்பு ஏறத்தாழ 140 எம்பி; விரித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும்; கம்பைல் செய்தால், அமைப்புகளைப் பொறுத்து, இன்னும் பல மடங்கு பெருகக்கூடும்.

படி 1: ‘டியு’ கட்டளையால் எந்தக் கோப்புறை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். சில எம்பிக்காக மெனக்கெட வேண்டாம்.

படி 2: கோப்புறைக்குள் ‘கான்ஃபிக் டாட் லாக்’ என்ற கோப்பு இருந்தால், அதை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். நிறுவும்போது அமைப்புகளைத் தீர்மானிக்கும் ‘கான்ஃபிகர்’ கட்டளைக்கு நீங்கள் தந்த தெரிவுகள் அதன் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கும். பலர் தாண்டிப்போகும் படி இது.

படி 3: ‘மேக் கிளீன்’ கொடுங்கள். கம்பைல் செய்த கோப்புகள் போய்விடும், அமைப்புகள் தங்கும். ‘மேக் டிஸ்ட்கிளீன்’ கொடுத்தால் அமைப்புகளும், மேலே சொன்ன லாக் கோப்பும் சேர்ந்தே போகும். எல்லா மென்பொருளிலும் இந்த இரண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கெர்னலில் ‘மேக் எம்ஆர்ப்ராப்பர்’ என்று ஒன்று உண்டு. பொறுமையாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்த அமைப்புக் கோப்பை அது கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.

மூலநிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவி வழியாக இறக்கியிருந்தால், ‘கிட் கிளீன்’ கட்டளையை -fdx தெரிவுகளோடு கொடுத்தால் போதும். ஆனால் முதலில் ‘ட்ரை ரன்’ தெரிவோடு (-ndx) ஓட்டுங்கள். எவையெல்லாம் அழியும் என்று பட்டியல் மட்டும் வரும். நீங்கள் எழுதி இன்னும் கிட்டில் சேர்க்காத கோப்பும் அதில் இருக்கக்கூடும். ரஸ்ட் மொழியில் எழுதியது என்றால் ‘கார்கோ கிளீன்’. நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டங்களில் ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறையை அப்படியே அழிக்கலாம், ‘என்பிஎம் இன்ஸ்டால்’ திரும்பக் கொண்டுவந்துவிடும்.

படி 4: மென்பொருளே இனி வேண்டாம் என்றால், ‘மேக் டிஸ்ட்கிளீன்’ கொடுப்பதற்கும் கோப்புறையை அழிப்பதற்கும் முன்பே ‘மேக் அன்இன்ஸ்டால்’ கொடுத்துவிடுங்கள். எந்தெந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பது கோப்புறைக்குள் இருக்கும், ‘மேக்’ கட்டளைக்கான குறிப்புகள் அடங்கிய மேக்ஃபைலுக்குத்தான் தெரியும்; மென்பொருள்களை நிறுவி நீக்கும் கணினியின் பொதி மேலாளருக்குத் தெரியாது. கோப்புறை ஏற்கெனவே போய்விட்டதா? அதே பதிப்பை மீண்டும் இறக்கி, அதே தெரிவுகளோடு கான்ஃபிகர் செய்து, பிறகு நீக்கிப் பார்க்கலாம். படி 2-இல் எடுத்து வைத்த நகல் இங்கேதான் கைகொடுக்கும். ஆனால் இந்த நீக்கும் வசதியைத் தராத மென்பொருள்களும் உண்டு. அவற்றில் கையால்தான் தேடி அழிக்க வேண்டும்.

படி 5: இப்போது ‘ஆர்எம்’ கட்டளையால் கோப்புறையை அழியுங்கள். அது குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே அழிந்துவிடும். ஆகவே எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்பதை ‘பிடபிள்யூடி’ கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூலநிரலில் நீங்களே ஏதாவது திருத்தியிருந்தால் மட்டும், படி 5-க்கு முன் இன்னொரு வேலை: ‘மேக் டிஸ்ட்கிளீன்’ முடிந்ததும், டார் கோப்பை வேறிடத்தில் புதிதாக விரித்து, இரண்டு கோப்புறைகளையும் ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு பேட்ச் கோப்பாகச் சேமியுங்கள். அதனால் டார் கோப்பை மட்டும் கடைசியில் அழியுங்கள்.